திறமூல விண்வெளி, புவி அறிவியல் மென்பொருளுக்கு நாசாவிடம் நிதி கேட்பது எப்படி?

2021 ஏப்ரலில் இன்ஜெனுவிட்டி என்ற சின்ன ஹெலிகாப்டர் செவ்வாயில் முதன்முறையாகப் பறந்தது. அன்று, நிரல் எழுதிப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏறக்குறைய 12,000 பேரின் பக்கத்தில் புதிதாக ஒரு பதக்கம் தோன்றியது. அந்த ஹெலிகாப்டருக்கு உதவிய திறமூல மென்பொருளுக்கு, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தித் திருத்தக்கூடிய மென்பொருளுக்கு, பங்களித்தவர்கள் அவர்கள். எப்போதோ திருத்திக் கொடுத்த நாலு வரி நிரல் செவ்வாய் வரை போயிருக்கிறது என்பதே அவர்களில் பலருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

விண்வெளி, புவி அறிவியலில் பெரும்பகுதி இப்படித்தான் ஓடுகிறது. 2008இல் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் படங்கள் இலவசமாயின. 2025 ஜூலை 30 அன்று, நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய நிசார் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதன் ரேடார் தரவும் எல்லாருக்கும் திறந்ததுதான், அதைப் பதப்படுத்தும் ஐஎஸ்சிஇ-3 மென்பொருளும் கிட்ஹப்பில் கிடைக்கிறது. தரவு வந்து கொட்டுகிறது. ஆனால் அதைத் திறந்து படிக்க உதவும் கருவிகளில் பல, ஒருவரோ இருவரோ ராத்திரியில் கண்விழித்துப் பராமரிப்பவை. அந்த உழைப்புக்கு அரசு நிதி வாங்க வழி இருக்கிறது. அது தெரியாமலேயே பலர் சோர்ந்து விலகிப் போவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் செயற்கைக்கோள் தரவைப் படிக்கும் ஒரு பைத்தான் நூலகத்தை (பிறர் தங்கள் நிரலில் எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு) பராமரிக்கும் குழுவில் இருக்கிறேன். எங்கள் முதல் விண்ணப்பம் தோற்றது. மதிப்பீட்டுக் குழு சொன்னதன் சாரம் இதுதான்: மென்பொருள் நன்றாக இருக்கிறது, ஆனால் இது நாளைக்கே நின்றுபோனால் யாருக்கு நஷ்டம் என்று விண்ணப்பத்தில் எங்கேயும் இல்லை. கீழே சொல்வதில் பாதி, அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடிக் கற்றது.

எந்தக் கதவைத் தட்டுவது

நாசாவின் அறிவியல் பிரிவு ஆண்டுதோறும் வெளியிடும் பெரிய அழைப்பின் பெயர் ரோசஸ். விண்வெளி, புவி அறிவியல் ஆய்வுக்கான வாய்ப்புகளில் பெரும்பாலானவை அந்த ஒரே அறிவிப்புக்குள் அடங்கும். பல ஆண்டுகள் அது பிப்ரவரி 14 அன்று வெளிவந்தது. அந்தத் தேதியையே நம்பி இருக்க வேண்டாம், தள்ளிப்போனதும் உண்டு. மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்துவிடுங்கள். திருத்தங்கள் ஆண்டு முழுக்க வந்துகொண்டே இருக்கும்.

அறிவிப்பைத் திறந்ததும் மலைத்துப் போகாதீர்கள். அதை முதலிலிருந்து கடைசிவரை யாரும் படிப்பதில்லை. இரண்டு அட்டவணைகள் போதும். அட்டவணை 2 கடைசித் தேதி வரிசையில் இருக்கும், அட்டவணை 3 துறை வரிசையில். பின்னிணைப்பு ஏ புவி அறிவியல், பி சூரிய இயற்பியல், சி கோள்கள், டி வானியற்பியல், ஈ உயிரியலும் இயற்பியலும். பல துறைகளுக்கும் பொதுவானவை எஃப். திறமூலத்துக்கென்றே உள்ள திட்டங்கள் பெரும்பாலும் இந்த எஃப் பகுதியில்தான் வந்திருக்கின்றன.

அவற்றில் மூன்று வகைகளைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. முதலாவது, ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள கருவிகளையும் நூலகங்களையும் தாங்கிப் பிடிப்பதற்கானது. இதில் பல துறைகளுக்கும் அடித்தளமான மென்பொருளுக்கு 5 ஆண்டு வரையிலும், பராமரிப்புக்கு 3 ஆண்டு வரையிலும் நிதி கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது, திறந்த அறிவியலுக்கு உதவும் புதிய யோசனைகளுக்கான ஓராண்டுச் சிறு நிதி. மூன்றாவது, ஏற்கெனவே நாசா நிதியில் ஆய்வு செய்கிறவர்கள் தங்கள் நிரலைச் சீர்செய்து திறமூலமாக வெளியிடக் கேட்கும் கூடுதல் தொகை. உங்கள் பேராசிரியரிடம் ஏற்கெனவே நாசா நிதி இருந்தால், இந்த மூன்றாவதுதான் ஆக எளிய வாசல். அதை விட்டுவிட்டு நேராகப் பெரிய போட்டிக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாத் திட்டமும் எல்லா ஆண்டும் வராது. சில ஆண்டு, பெயருக்கு நேரே 'இந்த முறை விண்ணப்பம் கோரவில்லை' என்று ஒரு வரி மட்டும் இருக்கும். அப்போது துறைவாரிப் பகுதிகளைப் பாருங்கள். கோள் அறிவியலில் தரவுக் காப்பகத்துக்கும் கருவிகளுக்குமான பிடார்ட், சூரிய இயற்பியலில் கருவிகளுக்கும் முறைகளுக்குமான திட்டம், புவி அறிவியலில் ஆக்சஸ் என மென்பொருள் வேலைக்கு இடம் தந்த அழைப்புகள் அங்கேயும் உண்டு. நாசாவுக்கு வெளியே, அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் போஸ் என்ற திட்டம் நிரலுக்கு மேலாக அதைச் சுற்றியுள்ள சமூகத்தை வளர்க்க நிதி தருவது. அதன் முதல் கட்டத்தில் ஓராண்டுக்கு 3 லட்சம் டாலர் வரையிலும் இரண்டாம் கட்டத்தில் இரண்டு ஆண்டுக்கு 15 லட்சம் டாலர் வரையிலும் கேட்க முடிந்திருக்கிறது.

பணம் யார் பெயரில் வரும்?

புதியவர்கள் இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். முதலில் யோசிக்க வேண்டியது இது.

நிதி உங்கள் பெயரில் வராது, உங்கள் நிறுவனத்தின் பெயரில் வரும். பல்கலைக்கழகமோ ஆய்வு நிறுவனமோ லாபநோக்கற்ற அமைப்போ விண்ணப்பிக்க வேண்டும். அந்த நிறுவனம் அமெரிக்க அரசின் சாம் என்ற பதிவேட்டில் பதிந்து, யூஇஐ எனப்படும் அடையாள எண் வாங்கியிருக்க வேண்டும். 2022 ஏப்ரலில் பழைய டன்ஸ் எண்ணுக்குப் பதிலாக வந்தது இது. பெரிய பல்கலைக்கழகத்தில் இதெல்லாம் தயாராக இருக்கும். சிறிய அமைப்பாக இருந்தால், புதிதாகப் பதிய வாரக்கணக்கில் ஆகும். முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் ஆவணம் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். ஆகவே அழைப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள்.

உங்கள் திட்டத்துக்குப் பின்னால் எந்த நிறுவனமும் இல்லை, நாலு நாட்டில் இருக்கும் தன்னார்வலர்கள்தான் என்றால்? அதற்கும் வழி உண்டு. 2012இல் தொடங்கிய நம்ஃபோகஸ் போன்ற லாபநோக்கற்ற அமைப்புகள் திறமூலத் திட்டங்களுக்கு நிதிப் பொறுப்பாளராக இருந்து, பணத்தை வாங்கிக் கணக்கு வைத்துக் கொடுக்கின்றன. வானியலுக்கான ஆஸ்ட்ரோபை, சூரிய இயற்பியலுக்கான சன்பை எல்லாம் அந்தக் குடைக்குள் உள்ளவைதான். அமைப்பு தன் பங்குக்கு ஒரு கட்டணம் எடுத்துக்கொள்ளும், அது நியாயம்தான். அல்லது உங்கள் கருவியைத் தினமும் பயன்படுத்தும் ஒரு பல்கலைக்கழக ஆய்வாளரை முதன்மை ஆய்வாளராக, அதாவது திட்டத்தை வழிநடத்தும் பொறுப்பாளராக, நிற்கச் சொல்லலாம். இதுதான் அதிகம் நடப்பது.

'நான் அமெரிக்கக் குடிமகன் இல்லையே' என்று பலர் தயங்குகிறார்கள். நாசா பார்ப்பது நீங்கள் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதைத்தான், பாஸ்போர்ட்டை அல்ல. அமெரிக்க நிறுவனத்தில் விசாவில் வேலை பார்க்கும் ஒருவர், நிறுவனத்தின் விதி அனுமதித்தால் முதன்மை ஆய்வாளராகவே விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டு நிறுவனத்தில் இருப்பவரும் குழுவில் சேரலாம், ஆனால் அவர் ஆய்வுக்கு நாசா பணம் தராது. அவர் செலவை அவர் பக்கமே ஏற்க வேண்டும். சீன நிறுவனங்களோடு கூட்டு என்றால் 2011 முதல் சட்டத்தடை இருக்கிறது. அப்படி யாராவது குழுவில் இருந்தால், எழுதத் தொடங்கும் முன் உங்கள் நிறுவனத்தின் நிதி அலுவலகத்தில் பேசிவிடுங்கள்.

அந்த நிதி அலுவலகத்தோடு முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள். நாசா வைக்கும் கடைசித் தேதிக்கு ஐந்து, ஏழு வேலைநாள் முன்னதாக எல்லாம் தங்கள் கைக்கு வர வேண்டும் என்று அவர்கள் ஒரு தேதி வைத்திருப்பார்கள். உங்களுக்கு உண்மையான கடைசித் தேதி அதுதான்.

எழுதும் முன் ஒரு மின்னஞ்சல்

ஒவ்வொரு திட்டத்தின் அறிவிப்பிலும் கடைசியில் ஒரு சுருக்க அட்டவணை இருக்கும். அதில் திட்ட அதிகாரியின் பெயரும் மின்னஞ்சலும் கொடுத்திருப்பார்கள். கேள்வி கேட்பதற்கென்றே கொடுத்தது. அதைப் பயன்படுத்திக்கொள்ளும் புதியவர்கள் மிகக் குறைவு, தொந்தரவு செய்வதாக நினைத்துவிடுகிறார்கள்.

ஆறு ஏழு வரி போதும். கருவி என்ன செய்கிறது, எந்தத் தரவுக்கு, யார் பயன்படுத்துகிறார்கள், என்ன செய்யப் பணம் கேட்கப் போகிறீர்கள், இது இந்த அழைப்புக்குப் பொருந்துமா. 'நன்றாக இருக்கிறது, அனுப்புங்கள்' என்று அவர் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. ஆனால் பொருந்தாததை 'பொருந்தாது' என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு சொல் உங்களுக்கு இரண்டு மாத உழைப்பை மிச்சப்படுத்தும்.

சில அழைப்புகளில் முதலில் விருப்ப அறிவிப்பு கேட்பார்கள். அது பெரும்பாலும் கட்டாயமில்லை, ஆனாலும் அனுப்புங்கள். அதைப் பார்த்துத்தான் மதிப்பீட்டாளர்களைத் தேடத் தொடங்குகிறார்கள். வேறு சிலவற்றில் முதற்படி விண்ணப்பம் என்று இருக்கும். அது கட்டாயம். தவறவிட்டால் முழு விண்ணப்பத்தை அனுப்பவே முடியாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

நின்றுபோனால் யாருக்கு நஷ்டம்?

முதன்மைப் பகுதி வழக்கமாக 15 பக்கம், சிறு நிதிகளுக்கு அதைவிடக் குறைவு. அதற்குள் மூன்று கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்: வேலை தரமானதா, நாசாவின் நோக்கத்துக்குப் பொருந்துகிறதா, கேட்கும் தொகை நியாயமா. மென்பொருள் எழுதுகிறவர்கள் முதல் கேள்விக்கே 12 பக்கம் செலவழித்துவிடுகிறார்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம். கட்டமைப்புப் படம், வகுப்புகளின் வரைபடம், வேக ஒப்பீடு எல்லாம் இருந்தது. பயன்படுத்துகிறவர்களைப் பற்றி இருந்தது இந்த வரி மட்டும்:

"எங்கள் நூலகம் உலகெங்கும் பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது, புவி அறிவியல் சமூகத்துக்கு மிக முக்கியமானது."

இதைப் படிக்கும் மதிப்பீட்டாளருக்குக் கையில் பிடிக்க ஒன்றும் இல்லை. மறுமுறை அதே இடத்தில் எழுதியது ஏறக்குறைய இப்படி (எண்களை உதாரணத்துக்கு மாற்றியிருக்கிறேன்):

"மோடிஸ் என்ற செயற்கைக்கோள் கருவியின் கோப்புகளைத் திறக்க 9 பிற திறமூலத் தொகுப்புகள் எங்கள் நூலகத்தைச் சார்ந்திருக்கின்றன. கடந்த 24 மாதங்களில் வந்த 212 பிழைப் புகார்களில் 61 இன்னும் தீரவில்லை. அவற்றில் 40, கோப்பு வடிவம் தெரிந்த ஒரே ஒருவரால்தான் தீர்க்க முடியும். அவர் வாரத்துக்கு 4 மணி நேரம் தன்னார்வமாகத் தருகிறார். இந்த நிதியில் அவரது பாதி நேரமும், அவரிடம் கற்றுக்கொள்ளும் இன்னொருவரும் கிடைப்பார்கள்."

இரண்டாவதில் புகழ்ச்சி ஒரு சொல்கூட இல்லை. ஆனால் படித்ததும் அந்த ஒரு மனிதர் காய்ச்சலில் படுத்தால் என்ன ஆகும் என்ற பயம் வந்துவிடுகிறது. அந்தப் பயம் மதிப்பீட்டாளருக்கு வர வேண்டும்.

இதற்கான சான்றுகளை எழுதும் வாரத்தில் தேடினால் கிடைக்காது, முன்கூட்டியே சேர்த்து வாருங்கள். உங்கள் கருவியைச் சார்ந்திருக்கும் தொகுப்புகளைக் கிட்ஹப்பே காட்டும். வானியல் என்றால், கட்டுரைகளில் எத்தனை முறை மேற்கோள் ஆகியிருக்கிறது என்பதை நாசாவின் ஏடிஎஸ் தளத்தில் பார்க்கலாம். பதிவிறக்க எண்ணிக்கையை மட்டும் பெரிதாக நம்ப வேண்டாம். தானியங்கிச் சோதனை இயந்திரங்கள் ஒரு நாளைக்கு நூறு முறை பதிவிறக்கும், அது மதிப்பீட்டாளருக்கும் தெரியும். அதைவிட, ஒரு பயனர் "இது இல்லாமல் எங்கள் வெள்ள வரைபடம் ஓடாது" என்று பிழைப் புகாரில் எழுதிய ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

புகழ்ந்து எழுதும் ஆதரவுக் கடிதங்களை ரோசஸ் பொதுவாக ஏற்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய பேராசிரியர் ஒருவர் 'அருமையான கருவி' என்று எழுதித் தந்தாலும் அதைச் சேர்க்க இடமில்லை. சான்று உங்கள் பக்கங்களுக்குள்ளேயே இருக்க வேண்டும். அதேபோல, கொடுத்திருக்கும் சுட்டியைத் திறந்து பார்க்க வேண்டிய கடமை மதிப்பீட்டாளருக்குக் கிடையாது. 'விவரம் எங்கள் தளத்தில்' என்று எழுதுவது வீண்.

இன்னொரு கவனம்: சில அழைப்புகளில் விண்ணப்பித்தவர் யார் என்று மதிப்பீட்டாளருக்குத் தெரியக் கூடாது. அறிவிப்பில் இரட்டை மறைப்பு முறை என்று இருந்தால், 'நாங்கள் முன்பு எழுதிய' என்ற ஒரு சொற்றொடரே சிக்கல். நூலகத்தின் பெயர் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்றால் எப்படி எழுதுவது என்று திட்ட அதிகாரியிடமே கேளுங்கள்.

இரண்டு பக்கத்தில் திறந்த அறிவியல் திட்டம்

நாசா அறிவியல் பிரிவின் எஸ்பிடி-41ஏ என்ற கொள்கை, தன் நிதியில் பிறக்கும் கட்டுரையும் தரவும் மென்பொருளும் திறந்திருக்க வேண்டும் என்கிறது. அதனால் விண்ணப்பத்தோடு திறந்த அறிவியல், தரவு மேலாண்மைத் திட்டம் ஒன்றையும் கேட்கிறார்கள். வழக்கமாக இரண்டு பக்கம். பலர் பழைய திட்டத்திலிருந்து வெட்டி ஒட்டிவிடுகிறார்கள். திறமூலத்துக்கே நிதி கேட்கும் விண்ணப்பத்தில் அது உறுத்தும்.

நிரல் எங்கே இருக்கும், எந்த உரிமம், எப்போது வெளியாகும், யார் பொறுப்பு, நிதி முடிந்த பிறகு எங்கே பாதுகாக்கப்படும் என்று நேராக எழுதுங்கள். அப்பாச்சி 2.0, பிஎஸ்டி, எம்ஐடி போன்ற தளர்வான உரிமங்களை நாசா விரும்புகிறது. கிட்ஹப் நிரல் எழுதும் இடம், காப்பகம் அல்ல. ஒவ்வொரு வெளியீட்டையும் ஜெனோடோ என்ற காப்பகத்தில் சேமித்து, டிஓஐ எனப்படும் நிலையான அடையாள எண் வாங்குவோம் என்று எழுதினால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தவர் என்று புரியும். அதை இன்றைக்கே செய்து, எண்ணையும் விண்ணப்பத்தில் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

பட்ஜெட்

இதை நிதி அலுவலகம் பார்த்துக்கொள்ளும். உங்கள் வேலை, யாருடைய நேரம் எவ்வளவு என்று உண்மையாகச் சொல்வது. திறமூலக்காரர்கள் இலவசமாக உழைத்தே பழகியவர்கள், அதனால் குறைத்துக் கேட்கிறார்கள். பிழைப் புகார்களுக்குப் பதில் சொல்வது, ஆவணம் எழுதுவது, புதிதாக வருபவருக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாமே வேலைதான். அதற்கான மாதங்களையும் சேருங்கள்.

இரண்டு நுணுக்கம் உண்டு. முதன்மைக் கோப்பில் சம்பளத் தொகை இருக்கக் கூடாது, அது தனியாக ஏற்றும் மொத்த பட்ஜெட் கோப்பில் மட்டும் வரும். முதன்மைக் கோப்பில் யார் எத்தனை மாதம் வேலை செய்வார் என்ற அட்டவணை போதும். அப்புறம், உங்கள் அமைப்புக்கு அரசோடு பேசி முடித்த மேல்செலவு (கட்டடம், நிர்வாகம் போன்ற பொதுச் செலவு) விகிதம் இல்லையென்றாலும் கவலையில்லை. 2024 அக்டோபரிலிருந்து, அப்படிப்பட்ட அமைப்புகள் நேரடிச் செலவின் குறிப்பிட்ட பகுதிக்கு 15 சதவீதம் வரை மேல்செலவு கேட்க விதி இடம் தருகிறது. முன்பு அது 10 சதவீதமாக இருந்தது.

கடைசி வாரம்

விண்ணப்பத்தை வழக்கமாக என்ஸ்பையர்ஸ் என்ற நாசா தளத்தில் ஏற்றுவார்கள். குழுவில் உள்ள ஒவ்வொருவரும் அதில் கணக்கு தொடங்கி, தங்கள் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, 'ஆம், இந்த விண்ணப்பத்தில் நான் இருக்கிறேன்' என்று தாங்களே உள்ளே போய் உறுதிசெய்ய வேண்டும். அவர்களுக்காக நீங்கள் அழுத்த முடியாது.

எங்கள் இரண்டாவது முயற்சியில் எல்லாம் தயார். 15 பக்கம், பட்ஜெட், எல்லாம் ஏற்றியாகிவிட்டது. பட்டியலில் ஒரு பெயருக்கு நேரே மட்டும் உறுதிப்படுத்தவில்லை என்று நின்றது. அழைத்தால் போன் அணைந்திருக்கிறது. அவர் அப்போது விமானத்தில் இருந்தார். இறங்கி, வரிசையில் நின்றபடியே போனில் கடவுச்சொல்லை மாற்றி அவர் அழுத்தும்போது, நிதி அலுவலகத்தில் எங்களுக்காக ஓர் அம்மா வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தார். அனுப்பும் பொத்தானை அழுத்தும் அதிகாரம் அவருக்குத்தான், முதன்மை ஆய்வாளருக்கு அல்ல. அன்று அவர் கிளம்பியிருந்தால் மூன்று மாத வேலை அப்படியே போயிருக்கும். இப்போதெல்லாம் குழுவின் பெயர்ப் பட்டியலை எழுதத் தொடங்கும் நாளிலேயே ஏற்றிவிடுகிறேன். எல்லாரும் உறுதிசெய்த பிறகுதான் அடுத்த பக்கம்.

கடைசி நேரம் வழக்கமாக அமெரிக்கக் கிழக்கு நேரப்படி இரவு 11:59. தேதியை உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றிக் குறித்துவையுங்கள். பக்க வரம்பு, ஓர் அங்குல ஓரம், 12 புள்ளி எழுத்தளவு எல்லாவற்றையும் ஒருமுறை அளந்து பாருங்கள். பக்கம் கூடினால் கூடிய பக்கத்தைப் படிக்காமல் விடலாம், விண்ணப்பத்தையே படிக்காமல் திருப்பவும் செய்யலாம்.

அனுப்பிய பிறகு

பதில் வர மாதங்கள் ஆகும், ஆறு மாதம் தாண்டினாலும் வியப்பில்லை. எந்தப் பதில் வந்தாலும் மதிப்பீட்டுக் குழுவின் குறிப்பு கூடவே கிடைக்கும். பலங்கள், பலவீனங்கள் என்று பிரித்து, பெரியது சிறியது என்றும் குறித்திருப்பார்கள். வந்த அன்றைக்கே அதற்குப் பதில் எழுத உட்கார வேண்டாம், கோபத்தில்தான் எழுதுவோம். ஒரு வாரம் கழித்து, பெரிய பலவீனங்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் உங்கள் விண்ணப்பத்தின் எந்தப் பக்கத்தால் வந்தது என்று தேடுங்கள். புரியாததைத் திட்ட அதிகாரியிடம் பேசித் தெளியலாம். மறுபடி விண்ணப்பிக்கத் தடையில்லை; நிதி வாங்கிய பலரும் இரண்டாம், மூன்றாம் முறையில் வாங்கியவர்கள்தான்.

காத்திருக்கும் காலத்தில் செய்யக்கூடிய ஒன்று உண்டு. மதிப்பீட்டாளராக வர விரும்புகிறவர்களின் விவரத்தை நாசா இணையத்தில் ஒரு படிவம் வைத்துக் கேட்கிறது. இளம் ஆய்வாளர்களையும் எடுக்கிறார்கள். முனைவர் பட்ட மாணவர்கள் குழுவின் குறிப்பெடுக்கும் செயலராகப் போகலாம். படிவம் நிரப்பப் பத்து நிமிடம்தான். ஓர் அறையில் உட்கார்ந்து இரண்டு நாளில் இருபது விண்ணப்பங்களைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால், எந்த வரியில் எல்லாரும் நிமிர்கிறார்கள், எந்தப் பக்கத்தில் களைத்துப் போகிறார்கள் என்பது கண்முன்னே தெரியும். அடுத்த விண்ணப்பத்தை எழுத உட்காரும் முன் அந்தப் படிவத்தை நிரப்பிவிடுங்கள்.